கண்ணில் தங்காத மருந்து

ஆழித்துறை என்றொரு பட்டினம் இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். கடல் அதை எப்போதோ கொண்டுபோய்விட்டது.

அங்கே ஏகாம்பரத்தின் அக்காள் மரகதவல்லிக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அதற்கான மருந்து தூரத்துத் தீவொன்றில் வளரும் கொடியின் வேரில் இருந்தது. அவள் கணவன் மாறன் கப்பலேறிப் போய் அதைக் கொண்டுவந்தான். வந்தபிறகுதான் சிக்கல் தெரிந்தது. வேரின் சத்து நீரில் கரையவில்லை. மணல்போல் அடியில் படிந்து கண்ணை உறுத்தியது. நெய்யில் குழைத்தால் ஈர விழி அதை ஒட்டவிடாமல் ஓரமாகத் தள்ளியது. கண்ணின் காவல் அவ்வளவு கண்டிப்பு.

வேரில் பெரும்பகுதி இப்படியே வீணான பிறகு திருமேனி வைத்தியர் ஒரு வழி கண்டார். சத்தைச் சொட்டு நெய்யோடு மாவைவிட மென்மையாக அரைத்து, ஊறிய துளசி விதையின் வழவழப்பில் கலந்தார். இப்போது அது அடியில் படியவில்லை, விழியிலும் ஒட்டியது. ஆனால் மிஞ்சியது ஒரு வேளை மருந்துதான். இன்னும் வேர் கொண்டுவர மாறன் மறுபடி கப்பலேறியிருந்தான். அவன் வரும்வரை பொறுக்கக் கண் இடம்கொடுக்கவில்லை.

காலையில் மருந்து விட்டுக் கட்டுப் போட்டபோது வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார்: "பொழுது சாயும்வரை கட்டை அவிழ்க்கக் கூடாது, தாயே. அழவும் கூடாது. கண்ணீர் வந்தால் மருந்தை அடித்துக்கொண்டு போய்விடும். அப்புறம் பார்வை இல்லை, என்னிடம் மருந்தும் இல்லை."

"அழ என்ன இருக்கிறது? என் தம்பி பாடாமல் இருந்தால் போதும்" என்று சிரித்தாள் மரகதவல்லி.

உச்சிவேளைக்கு முன் மாறனின் உடல் கரை ஒதுங்கியது. கப்பல் உடைந்திருந்தது. கடல் தந்த உடலை ஊருக்குள் கொண்டுவருவது அந்தப் பட்டினத்து வழக்கமல்ல. கடலில் ஓதம் பெருகி நீர் ஏறுமுன் கரையிலேயே எரித்துவிட வேண்டும்.

"என் பொறுப்பு கண் மட்டும்" என்று வைத்தியர் வாயை மூடிக்கொண்டார். ஏகாம்பரம் போய் அக்காளின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"துறையில் என்னடா சத்தம்?"

"மீன் நிறைய விழுந்திருக்கிறது, அக்கா."

வாழ்நாளில் அவன் குரல் நடுங்காமல் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மாறனின் தங்கை பொன்னுருவி கரையிலிருந்து ஈரப் புடவையோடு வந்தாள். ஏகாம்பரம் வழிமறித்தான். "அவளைக் குருடியாக்கிவிட்டுத்தான் போவாயா?"

"நீ அவளைப் பொம்மையாக்கி உட்கார வைத்திருக்கிறாயே, அது மட்டும் நல்லதா? தள்ளு." உள்ளே போய்க் கேட்டாள்: "அண்ணி, ஒரு சேதி இருக்கிறது. கேட்டால் அழுகை வரும். இப்போது சொல்லட்டுமா, கட்டு அவிழ்த்தபின் சொல்லட்டுமா? அப்புறம் என்றால் பார்க்க ஒன்றும் இருக்காது."

அப்படிக் கேட்பதே சேதியைச் சொல்லிவிடுவதுதான் என்பார்கள் தர்க்கம் படித்தவர்கள். அவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை.

மரகதவல்லி கை நீட்டி அந்த ஈரப் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்றாள்.

கரையில் கட்டைத் தானே அவிழ்த்தாள். மருந்தின் மஞ்சள் படிந்து மங்கலாகத் தெரிந்த முகத்தைப் பார்த்தாள். மருந்து கன்னத்தில் வழிந்து இறங்கியது. அதன்பின் அவள் எதையும் பார்க்கவில்லை.

வாய் திறக்காத வைத்தியர், பொய் சொன்ன தம்பி, கேட்டுவிட்ட நாத்தனார்: இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பொன்னுருவி. கண்ணை எப்படிக் காப்பது என்பது வைத்தியருக்குத் தெரியும். எதைப் பார்ப்பதற்காகக் காப்பது என்பதை மரகதவல்லி மட்டுமே முடிவுசெய்ய முடியும். எதை இழப்போம் என்று தெரிந்தேதான் அவள் கட்டை அவிழ்த்தாள். சில ஆண்டுகள் கழித்து ஏகாம்பரமும் இதை ஒப்புக்கொண்டான். ஆனாலும் அக்காளின் கையைப் பிடித்துத் தெருவில் நடத்திப்போகும்போது எதிரே பொன்னுருவி வந்தால், வருவது யார் என்று கடைசிவரை அவன் சொன்னதில்லை.