குகையில் வளர்ந்த ஓநாய் அரசன்

துருக்கி நாட்டு மலைக்காடு ஒன்றில் தெமிர் என்ற ஓநாய் இருந்தது. முதலில் அதற்குச் சொந்தம் ஒரு மொட்டைக் குன்றுதான்.

கரடிகளுக்குப் பயந்து ஓடிவந்த மான்களிடம் அது, "என் எல்லைக்குள் இருங்கள்! உங்களை நானும் தொடமாட்டேன், மற்றவர்களையும் தொடவிடமாட்டேன்!" என்றது.

ஓநாய் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் தெமிர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. வேட்டைக்கு எல்லைக்கு வெளியேதான் போனது. அதனால் மான்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்தன; சுற்றியிருந்த மலைகளும் ஒவ்வொன்றாக அதன் எல்லைக்குள் வந்தன.

தெமிரிடம் ஒரு வழக்கம் இருந்தது. குட்டிகளுக்குப் பல் முளைத்ததும் ஆளுக்கொரு மலையைக் கொடுத்துவிடும். "போ! காற்று எப்படி அடிக்கிறது, கரடி எந்த வழியாக வருகிறது, எல்லாம் நீயே பார்த்துக் கற்றுக்கொள்!" என்று அனுப்பிவிடும். தகப்பனுக்குப் பின் கெட்டிக்காரக் குட்டி அரசாளும். இப்படித் தலைமுறை தலைமுறையாக ஓநாய் ராஜ்ஜியம் கடற்கரை வரை பரவியது.

ஆனால் பதவி என்று வந்தால் அண்ணன் தம்பி ஏது? தெமிரின் வம்சத்தில் வந்த கரான், தன் தம்பிகளைக் கடித்துக் கொன்றுதான் அரசனானது. அந்தச் சண்டையில் அதற்கு ஒரு காது போயிற்று. தம்பிகளை நினைத்து அது பல நாள் அழுதது. பாவம், அந்த அழுகை பொய்யில்லை.

"என் குட்டிகளும் இப்படி அடித்துக்கொள்ளக் கூடாது. என்ன செய்யலாம்?" என்று மந்திரி நரியிடம் கேட்டது.

"சுலபம் அரசே! அவற்றை வெளியே அனுப்பாதீர்கள். ஆளுக்கொரு குகை, வேளாவேளைக்கு இறைச்சி, வாசலில் காவல். யாரும் யாரையும் கடிக்க முடியாது!"

குகையிலேயே வளர்ந்த குட்டி எது அரசனானாலும் நரியைக் கேட்டுத்தானே நடக்க வேண்டும்? அந்தக் கணக்கு கரானுக்குப் புரியவில்லை. சரியென்று தலையாட்டிவிட்டது.

கரான் இறந்ததும் காவல் ஓநாய்கள் மூத்த குட்டி அய்தினை அரசனாக்க வெளியே கொண்டுவந்தன. அது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "மேலே எரிகிறதே, அது என்ன?" என்று கேட்டது.

"சூரியன், அரசே!" என்றது நரி. கூடியிருந்த விலங்குகள் அதைக் காடெங்கும் சொல்லின.

சேதி வடக்கே எட்டியது. பனிக்காட்டுக் கரடி நேரே வந்து, "வடக்கு மலையை எனக்குக் கொடு!" என்றது.

ஒரு மான் பதறிப்போய் ஓடிவந்தது. "கொடுத்துவிடாதீர்கள் அரசே! நாங்கள் குட்டி போடுவது அங்கேதான்!"

அய்தின் நரியைப் பார்த்தது. "வடக்கு மலை எப்படி இருக்கும்?"

"வெறும் கல்மேடு, அரசே!" என்றது நரி. கரடியோடு மோதினால் தன் தோலுக்கே ஆபத்து என்ற பயம் அதற்கு.

"அப்படியானால் கொடுத்துவிடு!"

பார்க்காத மலையை இழப்பதில் என்ன வலி? கிழக்கு மலை போயிற்று. கடற்கரையும் போயிற்று. மான்கள் கண்ணீரோடு வேறு காடு தேடிப் போயின. ஒருநாள் நரியையும் காணவில்லை.

கடைசியில் கரடி, அரசனான பிறகும் அய்தின் விட்டு நகராத குகையின் வாசலுக்கே வந்தது. அய்தின் முதன்முறையாகப் பல்லைக் காட்டி உறுமியது. "இதைத் தரமாட்டேன்! எனக்குத் தெரிந்த இடம் இது ஒன்றுதான்! உயிரைக் கொடுத்தாவது காப்பேன்!"

அந்தப் பல்லைப் பார்த்துக் கரடியே ஒரு கணம் பின்வாங்கியது. பிறகு பெருமூச்சு விட்டது.

"உனக்கு வீரம் இருக்கிறது, தம்பி. மலைகளையும் உனக்குக் காட்டியிருந்தால் நான் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கமாட்டேன். குகையை நீயே வைத்துக்கொள்!" என்று சொல்லிவிட்டு, ஓநாய்களின் மலைகள் வழியே நிதானமாக நடந்து போனது.

சண்டை வருமே என்று பயந்து பிள்ளைகளை உலகம் பார்க்கவிடாமல் அடைத்து வைப்பவர்கள், பகைவன் செய்ய வேண்டிய வேலையைத் தாங்களே செய்துமுடிக்கிறார்கள்.