மஞ்சள் அட்டைக்குக் கொடுத்த வாக்கு

அவசரப்படாமல் கேளுங்கள். நடந்ததைச் சொல்வது என் வேலை, தீர்ப்பு உங்களுடையது.

தூத்துக்குடியில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சி மையம் ஒன்றில் வினோலியா என்றொரு பயிற்சியாளர் இருந்தாள். அவளிடம் வந்து சேர்ந்தவள் ஆதிரை. ஏழு வயது. பேச்சு இல்லை. மிக்சி ஓடினாலோ யாராவது நாற்காலியைத் தரையில் இழுத்தாலோ தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள். புண் ஆறிய இடத்தில் மறுபடி பல் பதிந்து பதிந்து அங்கே தோல் தடித்துப் போயிருந்தது.

மையத்தின் இயக்குநர் கிளாட்வின் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே திட்டம்தான் வைத்திருந்தார். நாற்காலியில் அசையாமல் உட்கார வேண்டும், எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும்.

"அது அடம் பிடிக்குதும்மா. அழுத்திப் பிடிச்சு உக்கார வை, தன்னால வழிக்கு வந்துரும்" என்றார். ஏதோ மாட்டைப் பழக்குவது போல அவர் சொன்ன விதம் வினோலியாவுக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் அழுத்திப் பிடிக்கவில்லை. சில நாள் சும்மா கூடவே இருந்து பார்த்தாள். கடிப்பதற்கு முன் ஆதிரை இடது தோளை உயர்த்திக் காதை அடைத்துக்கொள்வதைக் கவனித்தாள். 'போதும்' என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வழியே இல்லை என்பது புரிந்தது. அவளுக்கென்றே ஒரு திட்டம் வகுத்தாள். ஒரு மஞ்சள் அட்டை. ஆதிரை அதை எடுத்து நீட்டினால், நடப்பது எதுவானாலும் அந்த நொடியே நிற்கும். வெளியே மர நிழலுக்குப் போய்விடலாம்.

பெற்றோர் பாலகுமாரையும் முத்துச்செல்வியையும் அழைத்து, "வீட்டுலயும் இதேதான். ஒரு தடவைகூடப் பிள்ளையை ஏமாத்தக் கூடாது" என்று கேட்டுக்கொண்டாள். இருவரும் சம்மதித்தார்கள்.

தொடக்கத்தில் உட்கார்ந்ததுமே அட்டையை நீட்டினாள் ஆதிரை. ஒவ்வொரு முறையும் வினோலியா எழுந்தாள். இயக்குநர் சிரித்தார். ஆனால் நினைத்தபோது நிறுத்தலாம் என்பது மனதில் பதியப் பதிய, ஆதிரை நிறுத்தாமல் இருக்கத் தொடங்கினாள். படம் பொருத்தினாள், மணி கோத்தாள். மணிக்கட்டுப் புண் ஆறியது. அந்தக் கையைத் தடவிப் பார்த்து முத்துச்செல்வி அழுதாள்.

அதன் பிறகுதான் பள்ளிப் பேச்சு வந்தது. ஏறி இறங்கிய பள்ளியெல்லாம் கதவைச் சாத்திய நிலையில், ஒரே ஒரு தலைமையாசிரியை மட்டும் நேரில் வந்து பார்க்க ஒப்புக்கொண்டார். அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். கிளாட்வின் அதை விழாவாக்கிவிட்டார். நன்கொடையாளர்களுக்கு அழைப்பு போனது. ஆதிரையின் முகத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே 'எங்கள் வெற்றி' என்று பேனர் கட்டினார்.

"சார், இவ்வளவு கூட்டத்துல அவளால முடியாது. அந்த ஹெச்.எம். டீச்சர் மட்டும் வரட்டுமே" என்றாள் வினோலியா.

பக்கத்தில் நின்ற பாலகுமார்தான் பதில் சொன்னார். "இருக்கட்டும் மிஸ். இதையும் விட்டா எங்களுக்கு வேற பள்ளிக்கூடம் கிடையாது."

அவள் ஒத்துக்கொண்டாள். விழாவன்று ஆதிரையைக் கூட்டிவந்து கூடத்து நடுவே உட்காரவைத்ததும் அவள்தான்.

கூடம் முழுக்க செண்ட் வாடையும் முந்திரி கேக் வாடையும். வந்தவர்கள் காகிதத் தட்டில் தின்றபடி, கடைவாயில் துணுக்கு ஒட்டியிருக்க, ஆதிரை மணி கோப்பதை வேடிக்கை பார்த்தார்கள். கிளாட்வின் மைக்கைப் பிடித்தார். "இது முன்னாடி எப்படிக் கடிக்கும் தெரியுமா?" என்று குழந்தையின் கையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். இரண்டு பேர் கைபேசியில் படம் எடுத்தார்கள். மைக் கிறீச்சிட்டது.

ஆதிரையின் இடது தோள் உயர்ந்தது. மஞ்சள் அட்டையை எடுத்து வினோலியாவிடம் நீட்டினாள்.

கிளாட்வின் குறுக்கே வந்து அதைப் பிடுங்கினார். "பாத்தீங்களா, எவ்வளவு அழகா கேக்குது!" என்று சபைக்குக் காட்டிவிட்டுச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆதிரை வெறும் கையையே மறுபடி நீட்டினாள்.

பாலகுமார் ஓடிவந்து மண்டியிட்டு மகளின் தோள்களை அழுத்திக்கொண்டார். "கொஞ்ச நேரம் தங்கம். அப்பாவுக்காக." முத்துச்செல்வி வினோலியாவின் காதருகே கெஞ்சினாள். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மிஸ். உங்களை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்." தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் முடியச் சொற்ப நேரமே பாக்கி.

'கொஞ்ச நேரம்தானே' என்று வினோலியாவின் மனமும் ஒரு கணம் சொன்னது. அடுத்த கணமே அது அவளுக்கு வெட்கமாக இருந்தது. தகப்பனின் கைகளை விலக்கினாள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"எங்க வகுப்புல நாப்பது பிள்ளைங்க. இப்படி நடுவுல எழுந்துட்டா யார் பின்னால போறது?" என்று சொல்லித் தலைமையாசிரியை கிளம்பினார். இடம் போயிற்று. வினோலியாவின் வேலையும் அன்றே போயிற்று. வாசலில் பாலகுமார் அவளை மறித்தார்.

"உங்க வாக்கு பெருசா மிஸ், எம்புள்ள படிப்பு பெருசா?"

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு வெளியேறினாள்.

அவர் கேட்டதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் யார் செய்தது சரி?

விடை: கிளாட்வினைப் பற்றிப் பேசினால் வாய்தான் அசிங்கமாகும். பெற்றோரின் பயம் உண்மையானது. ஆனால் வாயடைத்து உட்கார்ந்ததற்காகக் கிடைக்கும் இடம், தினமும் அப்படியே உட்கார்ந்தால்தான் நிலைக்கும். கேட்டுப் பயனில்லை என்று கண்ட குழந்தை பழையபடி தன் பல்லைத்தான் நம்பும். வினோலியா வாக்கைக் காப்பாற்றினாள். ஆனால் முடியாது என்று தெரிந்தும் அந்தக் கூத்துக்கு நடுவே பிள்ளையைக் கொண்டுபோய் உட்காரவைத்தவளும் அவளே. குறையில்லாமல் நடந்தவள் ஆதிரை ஒருத்திதான். அத்தனை இரைச்சலிலும் கடிக்கவில்லை, கற்றுக்கொடுத்தபடி கேட்டாள், அட்டையைப் பறித்த பிறகும் கேட்டாள். அவளைத்தான் பள்ளிக்கு லாயக்கில்லை என்று தள்ளினார்கள்.