சாடிக்குள் தூங்கிப்போன நுரைச்சி

அந்தக் காலத்தில், மனுசருக்கு மட்டும்தான் வாய் என்று யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை. காக்கை பேசும், கல் பேசும், கொடியில் தொங்கும் காய்கூடப் பேசும். எல்லாரையும்விட அதிகமாகப் பேசியவள் நுரைச்சி. கண்ணுக்கே தெரியாத பொடிசு. திராட்சைத் தோலின் மேல் மாவு பூசினாற்போல வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் அவள் வீடு.

குளிர்மலை ஒன்றின் சரிவில் ஒச்சாயியும் அவள் புருசன் விருமனும் திராட்சைத் தோட்டம் போட்டிருந்தார்கள். விருமன் தங்கமான மனுசன்தான். ஆனால் காலையில் ஒரு வார்த்தை பேசினால் அடுத்த வார்த்தை சாயங்காலம்தான் வரும். ஒச்சாயிக்கோ பேச ஆள் வேண்டும். அந்த ஆள் நுரைச்சி. கொடி கட்டும்போதும் களை பறிக்கும்போதும் இரண்டு பேருக்கும் ஓயாத பேச்சு. சண்டை வரும், சமாதானம் வரும், மறுபடியும் சண்டை வரும்.

பழத்தை மிதித்துச் சாறெடுத்துப் பெரிய சாடியில் ஊற்றியதும் நுரைச்சி உள்ளே குதித்துவிடுவாள். சாற்றில் இருக்கும் இனிப்புதான் அவளுக்குச் சாப்பாடு. தின்னத் தின்ன மூச்சு விடுவாள். மூச்சு விட விடக் கதை பேசுவாள். சாறு மெல்ல மெல்ல மதுவாகும். இனிப்பெல்லாம் தீர்ந்ததும், "வயிறு நெறஞ்சுபோச்சு ஒச்சாயி, நான் வாரேன்டி" என்று சொல்லிக்கொண்டு கொடிக்குத் திரும்புவாள். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் ஒச்சாயி சாடிக்குத் தக்கை போடுவாள். அது அவர்களுக்குள் இருந்த முறை.

ஒரு வருசம் குளிர் முந்திக்கொண்டு வந்துவிட்டது. "அந்தச் சிட்டுக்குருவி இருக்கே, அது என்ன பண்ணுச்சு தெரியுமா..." என்று ஆரம்பித்த நுரைச்சி, பாதிச் சாப்பாட்டிலேயே அடங்கிப்போனாள். சாற்றுக்குள் குளிர் பட்டால் தூக்கம் அமுக்கும் என்பது அவளுக்கே அதுவரை தெரியாது.

"என்னடி பண்ணுச்சு குருவி?" என்று கேட்டாள் ஒச்சாயி. பதில் இல்லை. சாடியைத் தட்டினாள். காதை வைத்துப் பார்த்தாள். மறுநாளும் அப்படியே.

"பாத்தீங்களா அவள? சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா! இத்தன வருசப் பழக்கத்துக்கு ஒரு வார்த்த இல்ல!"

விருமன் சாற்றை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். "இனிப்பு இன்னும் மிச்சமிருக்கே."

"இருந்தா இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் வேணாம்."

தக்கையை ஓங்கி அடித்து இறக்கினாள். கோபத்தையெல்லாம் கயிற்றில் காட்டி, முடிச்சின் மேல் முடிச்சாக இறுக்கினாள். குளிர்காலம் முழுக்கச் சாடி இருந்த மூலைப் பக்கம் திரும்பவில்லை. அடுப்பு முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கேட்டால் புகை என்பாள்.

வெயில் வந்தது. ஒருநாள் விருமன் தோட்டத்துக்கு ஓடிவந்தான். "ஏ புள்ள! சாடி விம்முது! விரிசல் விட்டிருக்கு. கிட்டப் போயிராத, வெடிச்சா கண்ணு போயிரும்!"

வீட்டுக்கு ஓடிய ஒச்சாயி வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து கம்மிப்போன குரல் ஒன்று கேட்டது. "ஒச்சாயி... மூச்சு விட எடமில்லடி..."

"ஐயோ, உள்ளயா இருக்க? பாவி நான், உன்ன உயிரோட வச்சுல்ல கட்டிப்புட்டேன்!"

விருமன் அவள் கையைப் பிடித்தான். அவள் உதறினாள். "விடுங்க! கண்ணு போனாப் போவுது. உள்ள கெடக்கிறது என் நுரைச்சி!"

கோபத்தில் போட்ட முடிச்சு லேசில் அவிழுமா? நகம் பிய்ந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். விரிசல் ஒரு விரல்கடை கீழே இறங்கியது. கடைசி முடிச்சு நெகிழ்ந்ததுதான் தாமதம், டப்! தக்கை பறந்து விருமனின் தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு போய்க் கூரையில் விழுந்தது. வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி ஒச்சாயியின் முகமெல்லாம் சேலையெல்லாம் வழிந்தது. உள்ளே அடைபட்டுக் கிடந்த பேச்சு மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. ஒச்சாயி அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள்.

நுரை அடங்கியது. "ஏதாச்சும் பேசுடி" என்று கெஞ்சினாள். 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தம்தான் வந்தது. நுரைச்சி பிழைத்துவிட்டாள், ஆனால் அவளிடம் சொல் ஒன்றுகூட மிச்சமில்லை. ஒச்சாயி ஒரு குவளையில் மொண்டு காதருகே வைத்துக்கொண்டாள். அடியிலிருந்து குட்டிக் குட்டிக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன.

"என்ன சொல்றா?" என்று மெல்லக் கேட்டான் விருமன்.

"என்னத் திட்டுறா. நல்லாத் திட்டட்டும்."

அவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் அவன் குவளையை வாங்கி ஒரு மிடறு குடித்தான். நாக்கு சுறுசுறுவென்றது. தொண்டையைச் செருமினான். "அந்தச் சிட்டுக்குருவி என்ன பண்ணுச்சுன்னா... நானும் பாத்தேன் புள்ள..." என்று ஆரம்பித்தவன், பொழுது சாயும்வரை நிறுத்தவே இல்லை. ஒச்சாயி வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த குளிருக்கு, விருமனைப் பேசவைக்கத்தானோ என்னவோ, நுரைச்சி தானாகவே சாடிக்குள் தங்கிக்கொண்டாள். ஒச்சாயியும் கனத்த சாடியாகப் பார்த்து வாங்கி, "உள்ள இருக்கியாடி?" என்று கேட்டு, 'ஸ்ஸ்' என்ற பதில் வந்த பிறகே தக்கையைக் கட்டினாள்.

அன்று தொடங்கியதுதான், குமிழி விடும் அந்தத் திராட்சை மது திறந்ததும் டப்பென்று பொங்குவதும், வாயே திறக்காத மனுசன்கூட ஒரு மிடறு உள்ளே போனதும் பக்கத்தில் இருப்பவளிடம் பேச ஆரம்பிப்பதும்.