நாற்பது பேருக்கு ஒரு டோக்கன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. சுவரில் ‘நாம் ஒரே குடும்பம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அந்தக் குடும்பத்தில் நாற்பது பெண்களுக்குக் கழிப்பறை போக ஒரே டோக்கன். அது திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம்.

தொழிலாளர் வசதிகளைச் சோதிக்க ஆடிட்டர் வரும் நாளில் மேனேஜர் சம்பந்தமூர்த்தி மிரட்டினார்: “கேட்டா, எப்ப வேணும்னாலும் போவோம்னு சொல்லணும். மாத்திச் சொன்னா வேலை போயிரும்.”

ஆடிட்டர் தையல்காரி செவ்வந்தியிடம் கேட்டார்.

“எப்ப வேணும்னாலும் போவோமுங்க” என்றவள், மேனேஜர் பக்கம் திரும்பினாள். “சார், இப்பப் போயிட்டு வந்தறட்டுங்களா?”

“டோக்கன் வந்துருச்சா?” என்று பழக்கதோஷத்தில் அதட்டினார் மேனேஜர்.

“என்ன டோக்கன்?” என்றார் ஆடிட்டர்.

மறுநாளே டோக்கனை ஒழித்துவிட்டார்கள். கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை மேனேஜர் வைத்துக்கொண்டார்.