டோக்கனுக்கு முகம் தெரியாது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அதன் கணினிப் பிரிவுக்குத் தணிகாசலம்தான் மேலாளர். டீ குடித்துவிட்டு வரும்போதெல்லாம் அலுவலக இணையதளம் மறுபடி பாஸ்வேர்டு கேட்பது அவருக்குப் பெரிய அவமானம்.

"என்னையே யாருன்னு கேக்குதா? இனிமே கேட்டா, உனக்கு வேலை நிரந்தரமாகாது," என்றார் பயிற்சியில் இருந்த மாரிக்கனியிடம்.

"நீங்க எழுந்து போறது அதுக்குத் தெரியாதுங்க சார். அதனாலதான் கொஞ்ச நேரத்துல கதவைச் சாத்திக்குது."

"என் சிஸ்டத்துக்கு என்னைத் தெரியும். சொன்னதைச் செய்!"

செய்தாள்.

மறுநாள் முதலாளியம்மா வந்தார். "என் சிஸ்டத்துக்கு என்னைத் தெரியும்மா, இனிமே பாஸ்வேர்டு கேக்காது," என்று தணிகாசலம் அவரிடம் பெருமையாகக் காட்டிவிட்டு, வழக்கம்போல் திரையைத் திறந்தபடியே விட்டு, டீ குடிக்க அழைத்துப் போனார். மாரிக்கனி தணிகாசலத்தின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் எல்லார் கைப்பேசியும் ஒலித்தது; அலுவலக இணையதளத்திலிருந்து ஓர் அறிவிப்பு. 'இன்று முதல் எல்லாருக்கும் நானே டீ கொண்டுவருவேன். இப்படிக்கு, தணிகாசலம்.'

"இதை நான் போடலீங்கம்மா!" என்று பதறியபடி முதலாளியம்மாவோடு திரும்பி வந்தார் தணிகாசலம்.

"உங்க சிஸ்டத்துக்கு உங்களைத் தெரியும்னீங்களே?" என்றார் முதலாளியம்மா.

மாரிக்கனி எழுந்தாள். "நான்தான் போட்டேங்கம்மா. பாஸ்வேர்டு போட்டதும் சர்வர் ஒரு டோக்கன் கொடுக்கும், கோயில் வாசல்ல செருப்புக்குக் கொடுக்கிற மாதிரி. அது இந்தக் கம்ப்யூட்டர்லயே இருக்குது. இங்க யார் உட்கார்ந்தாலும் அவங்கதான் அதுக்குத் தணிகாசலம் சார். அதனாலதான் சும்மா விட்டா டோக்கன் செல்லாதுன்னு வச்சிருந்தோம்."

முதலாளியம்மா சிரித்துவிட்டார். "பழையபடியே பாஸ்வேர்டு கேக்கட்டும். இந்தப் பொண்ணோட வேலையை இன்னைக்கே நிரந்தரமாக்குங்க."

தலையாட்டிவிட்டுத் திரும்பினார் தணிகாசலம். வாசலில் தையல் பிரிவே வரிசையில் நின்றது.

"சார், எனக்குச் சர்க்கரை வேண்டாங்க," என்றார் முதலில் நின்றவர்.