ஜின்னு எடுத்துட்டுப் போன குரல்

ஏய், உக்காருங்க! அந்தப் பக்கம் என்ன கொசகொசன்னு பேச்சு? முறுக்க முழுங்கிட்டு வாய மூடுங்க. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சுக்கங்க, போகப்போக சிரிப்பு வராது.

ரொம்ப ரொம்ப முன்னாடி, கடல்ல உப்புக் கரையாத காலத்துல, முத்துத்துறைன்னு ஒரு ராச்சியம். அங்க ஒரு கப்பல்காரரு மக பல்கீஸ். பதினேழு வயசு. வாயா அது? காக்காவே காதப் பொத்திக்கிட்டுப் பறக்கும்.

அவளுக்குப் பக்கத்து வீட்டு ஜுலைஹான்னா உசுரு. தோழிங்கிற நெனப்பு இல்லப்பா, கட்டிக்கப்போறவங்க மேல வர்ற நெனப்பு. ஜுலைஹாவுக்கும் அதேதான். வீட்டுக்குப் பின்னால பொம்பளைங்க மட்டும் நடக்குற முடுக்குச் சந்துல வச்சு ஒருநாள் அதச் சொல்லிக்கிட்டாங்க. சந்தோஷம் கொஞ்ச நேரந்தான். பல்கீஸப் பயம் புடிச்சிருச்சு. வாப்பாவுக்குத் தெரிஞ்சா? ஊருக்குத் தெரிஞ்சா?

முடுக்குக் கெணத்துல ஒரு ஜின்னு, பூதம் மாதிரி. அதுகிட்ட ஓடுனா. "இது யாரு காதுலயும் விழக்கூடாது!"

ஜின்னு மூக்காலயே பேசும். "விழாதுங்ங்... உன் கொரலயே நான் எடுத்துக்கிறேங்ங்... ஒளிச்சத நீயே ஊரறியக் காட்டு, அன்னைக்குத் திருப்பித் தாரேங்ங்!"

போச்சு. வாயத் தொறந்தா வெறும் காத்து. எழுதிக் காட்டலாம்னா எழுத்துத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியுமாக்கும்!

ஊரு என்ன சொல்லுச்சு? "என்ன அடக்கம், என்ன அடக்கம்!" வாரத்துக்கு ஒரு சம்பந்தம் வந்துச்சு.

ஜுலைஹா முதநாள் வந்து கேட்டா: "எம்மேல கோவமா?" பல்கீஸ் இல்லன்னு தலையாட்டி வாயசைச்சா, சத்தமில்ல. "கோவமில்லன்னா ஏன் பேசமாட்டேங்குற?"ன்னுட்டுப் போயிட்டா. ரெண்டாநாள் வந்தா: "எம்மேல கோவமா?" சத்தமில்ல. மூணாநாள் கேக்கும்போதே ஜுலைஹாவுக்குக் கண்ணு ரொம்பிருச்சு. அப்புறம் வரவே இல்ல. பல்கீஸ் அழுதா. அழுகைக்கும் சத்தமில்ல. உம்மா பக்கத்துலயே உக்காந்து பூக் கட்டுறாங்க, திரும்பிக்கூடப் பாக்கல.

வந்த சம்பந்தத்துல ஒண்ண வாப்பா பேசி முடிச்சாரு. நிக்காஹ் நாளும் வந்துச்சு. அந்த ஊரு வழக்கம், ரெண்டு சாட்சியோட மாமா வந்து பொண்ணுகிட்ட மூணு தடவ சம்மதம் கேக்கணும். பொண்ணு பேசலன்னா வெக்கம், வெக்கம்னா சம்மதம். தாலி மாதிரி பொண்ணு கழுத்துல போடுற கருகமணி, தட்டுல பக்கத்துல. பொம்பளைங்க கூட்டத்துல, ஊருக்காக வந்த ஜுலைஹா, தலையக் குனிஞ்சு.

"சம்மதமா?" பல்கீஸ் வேணாம்னு தலையாட்டுனா.

"பாருங்க, வெக்கம்!"

"சம்மதமா?" ரெண்டு கையையும் ஆட்டுனா.

"ரொம்ப வெக்கம்!"

"சம்மதமா?"

இனி நாலாந்தடவ இல்ல. பல்கீஸ் எந்திரிச்சா. கருகமணிய எடுத்தா. கூட்டத்துக்குள்ள நடந்துபோயி ஜுலைஹா கையில குடுத்து, அவ முன்னால கழுத்தக் குனிஞ்சு நின்னா.

உம்மா கையிலிருந்த பூ கீழ கொட்டிருச்சு. வாசல்ல நின்ன வாப்பா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. ஆனாலும் ஜுலைஹா அத அவ கழுத்துல போட்டுவிட்டா.

மாமா கத்துனாரு: "அப்ப இவ்வளவு நாளா வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்த?"

பல்கீஸ் நிமுந்தா. தொண்டைக்குள்ள என்னமோ சூடா ஏறுச்சு.

"இல்ல மாமா. 'சம்மதமில்ல'ய வச்சிருந்தேன்."