கொட்டில்லாமல் வந்த சுவாமி

கொன்றையூர்ச் சிவன் கோயிலின் மேலவீதியில், நினைவு தப்பிய முதியோருக்கான இல்லம் ஒன்று உண்டு. அவர்கள் நனைத்த துணிகளைத் துவைத்து வந்தார் சண்பகவடிவு அம்மையார். கல்லில் ஓர் அடிக்கு ஒரு சிவாயநம. இடுப்பு ஒடிந்தாலும் அந்த எண்ணிக்கை ஒடியாது. துணிதான் நாறும், அவன் பேர் நாறுமா என்பார்.

இசை கேட்டால் பெரியவர்களின் முகம் தெளியும் என்று நம்பி, கோயிலில் சிவவாத்தியம் கொட்டும் இளவட்டங்களை அழைத்து வந்தவரும் அவரே. பிள்ளைகளோ சுவாமி புறப்பாட்டில் கொட்டுவது போலவே முழு வேகத்தில் கொட்டிவிட்டார்கள். மாசானம் என்ற பெரியவர் இடி விழுந்ததாக மிரண்டு ஓடிப் படியில் விழுந்தார். அதன்பின் இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். தண்ணீர்கூட இறங்கவில்லை.

"பீத்துணி துவைக்கிறவளுக்குக் கச்சேரி கேக்குதோ?" என்றார் மேலாளர். "சாயந்தரத்துக்குள்ள ஒரு மடக்குக் குடிக்கலன்னா ஆஸ்பத்திரில கையக் காலக் கட்டிக் குழாய் போடுவாங்க. எல்லாம் ஒன்னாலதான்."

அம்மையார் துவைகல்லை விட்டு எழுந்தார். ஈரக் கையோடு கோயிலுக்கு ஓடினார். அன்று பிரதோஷம், சாயந்தரம் சுவாமி புறப்பாடு. பிள்ளைகள் கொட்டுகளுக்கு வார் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யக்கா, மறுபடியுமா? தாத்தா தோல உரிச்சிருவாரு" என்று சிரித்தான் இசக்கிராஜா.

"கொட்டெல்லாம் வாசல்ல வச்சிட்டு வாங்க ராசா. தாத்தா கட்டில்லயே தட்டிக்கிட்டுக் கெடக்காரு. அவரு தட்டுறபடி நீங்க தட்டணும். அவரு நிறுத்துனா நிறுத்தணும்."

"தாளம் போயிருமேக்கா!"

"தாளம் போனா நாளைக்கு வரும். உசுரு வருமா?"

மாசானம் கட்டில் கம்பியை விரல்முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தட்டு, நெடுநேரம் சும்மா, பிறகு ஒன்று. வேகம் பழகிய பிள்ளைகளின் கைகளுக்கு அது பிடிபடவில்லை, முந்திக்கொண்டன. பெரியவர் கஞ்சித் தம்ளரை வீசினார். அது இசக்கிராஜாவின் காதோரமாகப் போய்ச் சுவரில் மோதியது. புறப்பாட்டுக்குக் கோயில் மணி அடிக்கத் தொடங்கிற்று. கொட்டப் போக இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். மேலாளர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அம்மையார் கண்ணை மூடி, "சிவனே, இந்தப் பிள்ளைங்க கைக்குப் பொறுமையக் குடு" என்றார்.

கொட்டுக்காரர்களில் ஒருத்தியான முப்பிடாதி தரையில் உட்கார்ந்து தன் முழங்காலில் தட்டினாள். இரண்டு. பிறகு காத்திருந்தாள். பெரியவர் அவளை உற்றுப் பார்த்தார். அப்போதும் காத்திருந்தாள். அவர் ஒன்று தட்டினார், அவளும் ஒன்று. மற்றக் கைகள் மெல்ல வந்து சேர்ந்தன. பெரியவர் தொண்டையிலிருந்து சொல்லில்லாத ராகம் ஒன்று கிளம்பியது. இசக்கிராஜா மறுபடி முந்தினான்.

"ஏல, பறக்காத!" என்றார் மாசானம். ஆறு மாதமாக ஒரு சொல் பேசாதவர்.

அம்மையார் வேறு கஞ்சி நீட்டினார்.

"மொதல்ல அந்தப் பிள்ளைக்குக் குடு. கை சோந்திருக்கும்."

முப்பிடாதி ஒரு மடக்குக் குடித்தாள். மிச்சம் முழுவதையும் அவர் குடித்தார். மேலாளர் போனை எடுத்து ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றார்.

கொட்டுக்காரர்களைத் தேடிக் கோபமாக வந்த குருக்கள் வாசலிலேயே நின்றுவிட்டார். கொட்டில்லாமல் சுவாமி படி இறங்குவது அவ்வூர் வழக்கமில்லை. வெகுநேரம் பார்த்தவர், பின்னால் நின்ற, சுவாமியைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கியிடம் மெல்லச் சொன்னார்: "குழந்தேளை எழுப்பாதீங்கோ. சுவாமியை இங்கே எழுந்தருளப் பண்ணுங்கோ."

கொம்பு இல்லை, சங்கு இல்லை. ரிஷபத்தின் மேல் இறைவன் வந்து அந்த வாசலில் நின்றார். குருக்கள் சுவாமி மாலையைக் கழற்றி நீட்ட, சேலை நாறுகிறது என்று அம்மையார் பின்வாங்கினார். குருக்கள் விடவில்லை, கழுத்திலேயே இட்டார்.

அழைக்காமலே இறைவன் வாசல் தேடி வந்த அந்தத் துவைகல் தொண்டரின் பாதம் நம் தலைமேல் இருக்கட்டும்.